குதிரைக்கு டெண்டன் அறுந்துட்டா என்ன பண்ணணும்: முதல் ஒரு மணி நேரம், ஆபரேஷன், அப்புறம் ஒரு வருஷம்

எங்க குதிரை மல்லி கால்ல தகரம் கிழிச்ச அந்த ராத்திரி யாராவது எனக்கு ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லியிருந்தா அவ இன்னைக்கு இன்னும் நல்லா நடந்துட்டு இருப்பா. ஒண்ணு, கட்டு போடாம ஒரு அடி கூட நடக்க விடாதே. ரெண்டாவது, டாக்டர் வேலை ரெண்டு மணி நேரம்தான், மிச்சம் ஒரு வருஷமும் உன் வேலை. இது ரெண்டையும் நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அதனாலதான் குதிரை வச்சிருக்கிற எல்லாருக்கும் புரியற மாதிரி முழுசா எழுதுறேன். நான் டாக்டர் இல்லை, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில வாங்கின ஒரு குதிரையை ஆபரேஷனுக்கு கொண்டு போய் திரும்ப நடக்க வச்சவன். மருந்து அளவெல்லாம் இங்க சொல்ல மாட்டேன், அது உங்க டாக்டர் முடிவு பண்ண வேண்டியது.

முதல்ல அந்தக் கால்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். முன்னங்கால்ல முட்டிக்கு கீழயும் பின்னங்கால்ல ஹாக்குக்கு, அதாவது பின்னாடி துருத்திட்டு இருக்கிற நடு மூட்டுக்கு, கீழயும் குதிரைக்கு சதையே கிடையாது, எலும்பு, தோலு, நடுவுல கயிறு கயிறா, சதையை எலும்போட கட்டுற டெண்டனும் எலும்பை எலும்போட கட்டுற லிகமெண்டும், கூடவே ரத்தக்குழாயும் நரம்பும், அவ்வளவுதான். நம்மாளுங்க எல்லாத்தையும் சேர்த்து நரம்புன்னே சொல்லிடுவாங்க. இப்பவே லாயத்துக்கு போய் ஒரு முன்னங்காலைத் தூக்கி உங்க தொடை மேல வச்சுக்கிட்டு, பின்பக்கத்தை ரெண்டு விரலால கிள்ளுற மாதிரி பிடிச்சு மேலருந்து கீழ தடவிப் பாருங்க. தோலை ஒட்டி முதல்ல சிக்கறது மேல் டெண்டன், அதுக்கு அடுத்து உருட்டா இருக்கறது உள் டெண்டன், அது கீழ வரைக்கும் ஓடி குளம்புக்குள்ள இருக்கிற எலும்பைப் பிடிச்சிருக்கு. அதுக்கும் உள்ள, எலும்பை ஒட்டி கெட்டியா இருக்கறது சஸ்பென்சரி லிகமெண்ட், குளம்புக்கு மேல உருண்டையா இருக்கிற ஃபெட்லாக் மூட்டை தூளி மாதிரி தாங்குறது அதுதான். காலோட முன்பக்கம் எலும்பு மேலயே ஓடுறது முன் டெண்டன், குளம்பை முன்னாடி நீட்டி வைக்க உதவுறது. நல்ல கால் எப்படி இருக்கும்னு விரலுக்கு பழகியிருந்தாத்தான் கெட்டது வரும்போது தெரியும்.

இப்போ அறுந்துட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது? புண்ணை மட்டும் பார்க்காதீங்க, குதிரை எப்படி நிக்குதுன்னு பாருங்க. மேல் டெண்டன் மட்டும் போச்சுன்னா ஊன்றும்போது ஃபெட்லாக் கொஞ்சம் இறங்கும். உள் டெண்டன் போச்சுன்னா குளம்போட முனை தரையில படாம மேல தூக்கிக்கும், அதைப் பார்த்தா சந்தேகமே வேண்டாம். சஸ்பென்சரியும் சேர்ந்து போச்சுன்னா ஃபெட்லாக் தரையையே தொடும், பார்க்கவே வயித்தைக் கலக்கும். முன் டெண்டன் அறுந்தா கதை வேற, குளம்பை நீட்ட முடியாம முனை மடங்கி தடுக்கித் தடுக்கி விழப் பார்க்கும், ஆனா காலை ஒழுங்கா தட்டையா வச்சுட்டா நல்லா எடை தாங்கும். பின்பக்க டெண்டன் மாதிரி இது பயங்கரம் கிடையாது, நிறைய கேஸ்ல இதுக்கு டெண்டனைத் தைக்கறதே இல்லை, புண்ணை சுத்தம் பண்ணி கால் மடங்காம முட்டுக் கொடுத்து வச்சா உடம்பே சேர்த்துக்கும், நாலுல மூணு குதிரை பழையபடி வேலைக்கு வந்துடும்.

ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது. தோல்ல கிழிஞ்ச இடமும் டெண்டன் அறுந்த இடமும் எப்பவும் ஒண்ணா இருக்காது. குதிரை ஓடும்போதோ கால் மடங்கியிருக்கும்போதோ வெட்டு பட்டிருந்தா, அது நேரா நின்ன உடனே டெண்டன் மேலயோ கீழயோ நகர்ந்துக்கும். புண்ணுக்குள்ள எட்டிப் பார்த்து வெள்ளையா டெண்டன் முழுசா தெரியுது, ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு விட்டவங்க இருக்காங்க.

இன்னொண்ணு சின்னப் புண். சீமைக் கருவேல முள் ஃபெட்லாக்குக்கு பின்னாடி ஏறியிருக்கும், ஒரு சொட்டு ரத்தம் கூட வந்திருக்காது. அந்த இடத்துல டெண்டன் ஒரு உறைக்குள்ள ஓடுது, உறைக்குள்ள எண்ணெய் மாதிரி ஒரு தண்ணி இருக்கு. முள் அந்த உறையைக் குத்திட்டா உள்ள சீழ் பிடிக்கும், மறுநாளோ அதுக்கு மறுநாளோ குதிரை மூணு கால்ல நிக்கும். புண்ணுல இருந்து வைக்கோல் நிறத்துல வெண்டைக்காய் மாதிரி இழுபடற தண்ணி வந்தா அது சாதா புண் கிடையாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி. உறைக்குள்ள கேமரா விட்டு லிட்டர் கணக்குல சலைன் ஓட்டி கழுவி எடுப்பாங்க. என்னைக் கேட்டா, ஒரு ஜாண் கிழிஞ்ச புண்ணை விட இந்த முள்ளு ஓட்டைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

சரி, அறுந்துடுச்சு. குதிரை பயத்துல துள்ளும், முதல்ல அதுக்குப் பழகின ஆள் தலையைப் பிடிச்சுக்கிட்டு பேச்சுக் கொடுக்கணும். ரத்தம் நிறைய இருக்கும், பயப்படாதீங்க. 450 கிலோ குதிரைக்கு உடம்புல சுமார் 35 லிட்டர் ரத்தம் இருக்கு, தரையில ஒரு வாளி கொட்டின மாதிரி தெரிஞ்சாலும் உயிருக்கு ஆபத்து உடனே வராது. மேல கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. சுத்தமான துணியோ பஞ்சு ரோலோ நேரா புண்ணு மேல வச்சு அழுத்திக் கட்டினாலே நிக்கும், நனைஞ்சு வெளிய வந்தா அவுக்காம அதுக்கு மேலயே இன்னொரு சுத்து போடுங்க. ஃபினாயில், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, மஞ்சள் பொடி, காபித் தூள், ஊதா ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தா சலைன் பாட்டில் ரெண்டு வாங்கி கழுவுங்க, இல்லைன்னா சுத்தமான தண்ணி, போதும். மல்லிக்கு அன்னைக்கு உதவிக்கு வந்தவர் நல்ல மனசோடதான் ஃபினாயிலை ஊத்தினார், அடுத்த நாள் டாக்டர் வெந்து போன சதையை எல்லாம் வெட்டி எடுத்ததை நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

அடுத்து முட்டு. இதுக்குத்தான் அதிக நேரம் எடுத்து சொல்லப் போறேன், ஏன்னா இங்கதான் கால் பிழைக்கிறதும் போறதும். அரைகுறையா அறுந்த டெண்டன், குதிரை நாலு அடி வச்சாலே முழுசா அறுந்துடும். முழுசா அறுந்ததோட ரெண்டு முனையும் ஒவ்வொரு அடிக்கும் விலகிப் போகும், நைஞ்சு போகும், அப்புறம் டாக்டருக்கு தைக்க நல்ல முனையே மிஞ்சாது. நான் லாரி தெருமுனையில நிக்குதுன்னு இருநூறு அடி நடத்திட்டே கூட்டிட்டு போனேன். இடைவெளி அவ்வளவு பெருசானதுக்கு அதுவும் ஒரு காரணம்னு பின்னாடி டாக்டர் சொன்னப்போ என்னால பேசவே முடியல.

வீட்டுல 4 இன்ச் பிவிசி பைப் இருக்கும்ல, போர் போட்டப்போ மிச்சம் வந்தது. அதை நெடுக பாதியா அறுத்து, முட்டிக்குக் கொஞ்சம் கீழருந்து குளம்பு முனை வரைக்கும் வர்ற நீளத்துக்கு வெட்டி, ஓரத்தை எல்லாம் தேய்ச்சு மழுக்கி வச்சுக்கங்க. ஒரு நீளமான பலகையும் ஆகும். கால் முழுக்க பஞ்சு ரோல் சுத்தி, அது மேல க்ரேப் பேண்டேஜ் சுத்தி, அப்புறம்தான் பைப். பின்பக்க டெண்டன் அறுந்திருந்தா காலை இப்படி நிறுத்தணும்: குதிரையை அந்தக் காலை ஊன்ற விடாம ஒரு ஆள் முழங்காலுக்கு மேல பிடிச்சுத் தூக்கிக்கணும், குளம்பு தானா தொங்கும், முனை தரையைப் பார்க்கும், முன்பக்க எலும்புங்க எல்லாம் மேலருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்கோட்டுல வரும். அப்படியே முன்பக்கமா பைப்பை வச்சு குளம்பு முனை வரைக்கும் இறுக்கமா டேப் சுத்திடணும். குதிரை குதிகால் தூக்கின மாதிரி முனையில நிக்கும். பார்க்க விசித்திரமா இருக்கும், ஆனா அப்படி நின்னா டெண்டன் மேல இழுப்பு கிடையாது. குதிகாலுக்கு அடியில ஒரு மரக்கட்டையை சேர்த்துக் கட்டிட்டா இன்னும் நல்லது. முன் டெண்டன்னா நேர் எதிர், குளம்பு தரையில தட்டையா இருக்கணும், முனை மடங்காம இருக்க முன்பக்கம் பைப். இது ரெண்டையும் மாத்திப் போட்டுடாதீங்க. நல்ல காலா இருக்கும்போதே ஒரு நாள் உங்க குதிரைக்கு போட்டுப் பழகுங்க, ராத்திரி டார்ச் வெளிச்சத்துல முதல் தடவை கத்துக்கற விஷயம் இல்ல இது.

ஏத்துற லாரி லாயத்து வாசலுக்கே வரணும். சாய்வுப் பலகையில ஏற விடாதீங்க, ஏதாவது மண்மேடோ கரையோ பார்த்து லாரியை ஒட்டி நிறுத்தினா நேரா உள்ள போயிடும். முன்னங்கால் அடின்னா குதிரையோட முகம் லாரியோட பின்பக்கம் பார்க்கணும், பின்னங்கால்னா முன்பக்கம், டிரைவர் பிரேக் போடும்போது எடை நல்ல கால் பக்கம் போகணும்னுதான் இந்தக் கணக்கு. டிரைவர் அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அண்ணே பிரேக்கை மட்டும் பார்த்துப் போடுங்கன்னு. உள்ள நெஞ்சுக்கும் பின்பக்கத்துக்கும் சாஞ்சுக்க கம்பு கட்டி வைக்கோல் மூட்டை வையுங்க, குதிரை சாஞ்சு நிக்கும். படுக்க வச்சு கயிறு கட்டித் தூக்கிட்டு போறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

கிளம்பும் முன்னாடி போன் பண்ணுங்க. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல ஆரம்பிச்சது, நாமக்கல்லயும் ஒரத்தநாட்டுலயும் கல்லூரி இருக்கு, எது பக்கமோ கூப்பிட்டு மூணு கேள்வி கேளுங்க: இன்னைக்கு குதிரைக்கு கேஸ் மயக்கம் கொடுக்க ஆள் இருக்காங்களா, ஃபைபர்கிளாஸ் கட்டு இருக்கா, டெண்டன் தைச்சவர் இருக்காரா. இல்லைன்னு சொன்னா அவங்களையே எங்க போகணும்னு கேளுங்க, அலைஞ்சு நேரத்தை விடாதீங்க. புண் பட்டு ஆறு எட்டு மணி நேரத்துக்குள்ள போயிட்டா கிருமி ஊடுருவறதுக்கு முன்னாடி கழுவ வாய்ப்பு இருக்கு. டெட்டனஸ் ஊசி கடைசியா எப்போ போட்டதுன்னு எழுதி வச்சிருங்க, தனுர்வாதம் குதிரையை பிடிக்கிற மாதிரி வேற எந்த வீட்டு மிருகத்தையும் பிடிக்காது. வலிக்கு யாராவது டைக்லோஃபெனாக் எடுத்து வந்தா வேண்டாம்னு சொல்லுங்க, மாட்டுக்கும் குதிரைக்கும் அது 2006லயே தடை, செத்த உடம்பைத் தின்ன கழுகெல்லாம் அழிஞ்சதே அதனாலதான், நம்ம மாயாறு பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கறதையாவது விட்டு வைக்கணும்.

ஆஸ்பத்திரியில முதல்ல எக்ஸ்ரே, ஸ்கேன். எந்த டெண்டன், எவ்வளவு, உறைக்குள்ளயா வெளியவா, எலும்புல கீறல் இருக்கா, ரத்தக்குழாய் ரெண்டும் போயிடுச்சா, குளம்பு சில்லுன்னு இருக்கான்னு பார்ப்பாங்க. உறை ஓட்டையான்னு தெரியணும்னா புண்ணுக்கு தள்ளி வேற இடத்துல ஊசி போட்டு உறைக்குள்ள சலைன் ஏத்துவாங்க, அது புண்ணு வழியா ஒழுகினா ஓட்டை. இந்த நேரத்துலதான் டாக்டர் உங்ககிட்ட நேரா பேசுவார். மேல், உள், சஸ்பென்சரி மூணும் போயிருந்தா, உறைக்குள்ள சீழும் இருந்தா, குளம்புக்கு ரத்தமே போகலைன்னா, குதிரையை வலி இல்லாம அனுப்பிடலாம்னு சொல்லலாம். அதை ஒரு டாக்டர் சொன்னா அவர் கைவிட்டுட்டார்னு நினைக்காதீங்க. பின்பக்க டெண்டன் தைச்ச குதிரையில பாதிக்கு பக்கம்தான் பழைய வேலைக்கு திரும்பும், இன்னும் கொஞ்சம் மேய்ச்சலுக்கும் குட்டி போடவும் பிழைக்கும், அதுக்கு மேல நம்பிக்கை கொடுத்தா அது பொய். உங்களுக்கு குதிரை எதுக்கு வேணும், ஓடறதுக்கா, சும்மா கண்ணு முன்னாடி இருந்தாலே போதுமா, அதை நீங்க அங்க போறதுக்கு முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கணும்.

ஆபரேஷன் எப்படி நடக்கும்னு நான் பார்த்ததை சொல்றேன். லாடத்தை கழட்டி, வாயைக் கழுவி, முதல்ல மயக்கம் வர்ற ஊசி, அப்புறம் படுக்கிற ஊசி, தொண்டையில குழாய் விட்டு கேஸ். 400 கிலோ உடம்பு, அடியில மெத்தை சரியா இல்லைன்னா சதையே செத்துப் போகும். மேல ரப்பர் பட்டை இறுக்கி ரத்தத்தை நிறுத்துவாங்க, முடியை மழிச்சு, புண்ணை லிட்டர் கணக்குல சலைன்ல கழுவி, கெட்டுப் போன எல்லாத்தையும் வெட்டி எடுப்பாங்க, தையல் போடறதை விட இந்த சுத்தம் பண்ற வேலைக்குத்தான் அதிக நேரம் ஆகுது. அப்புறம் ஃபெட்லாக்கை மடக்குவாங்க, விலகிப் போன முனைங்க ரெண்டும் கிட்ட வரும். வெளிச்சத்துல பார்த்தா டெண்டன் முனை நனைஞ்ச கயிறு நைஞ்ச மாதிரி, வெள்ளை வெள்ளையா நார் நாரா இருக்கும். மெலிசு நூல் அதுல நிக்கவே நிக்காது, நாருக்கு நடுவுல வழுக்கிட்டு வந்துடும், அதனால தடிச்ச நூலா எடுத்து நாரை கவ்வுற மாதிரி பூட்டுப் போட்டுத் தைக்கிறாங்க. ரெண்டு விதம் உண்டு. ஒண்ணு பூட்டு முடிச்சு, நூல் பெரும்பாலும் உள்ளயே போயிடறதால வெளிய வழுவழுப்பா இருக்கும், உறைக்குள்ள அறுந்ததுக்கு இது தோது. இன்னொண்ணு கப்பி மாதிரி மூணு சுத்து, ஒவ்வொரு சுத்தும் டெண்டனை சுத்தி வேற வேற பக்கத்துல வரும், கிணத்துல கப்பி கட்டி இழுக்கற மாதிரி பாரம் பங்கு போட்டுக்கும், இடைவெளி விடாம நல்லாப் பிடிக்கும். மல்லிக்கு மேல் டெண்டன் முழுசா, உள் டெண்டன் ஒரு ஓரம், மேல் டெண்டனுக்கு இந்த மூணு சுத்துதான் போட்டாங்க. முனை ரெண்டும் ஒட்டவே ஒட்டாத அளவுக்கு விலகியிருந்தா இழுத்துக் கட்ட மாட்டாங்க, கால்ல கட்டு போட்டு நடுவுல தழும்பு வளர விடுவாங்க.

நல்லா மனசுல வச்சுக்கங்க, அந்தத் தையல் குதிரையோட எடையைத் தாங்காது. எந்த நூலாலயும் முடியாது. முனை ரெண்டையும் பக்கத்துல வச்சிருக்கறது மட்டும்தான் தையலோட வேலை, எடை தாங்கறது கட்டு. அதனால தைச்ச உடனே ஃபெட்லாக் லேசா மடங்கின நிலையில குளம்பையும் சேர்த்து ஃபைபர்கிளாஸ் கட்டு போட்டுடுவாங்க. சீழ் பயம் இருந்தா அதுக்கு முன்னாடி மேல பட்டை இறுக்கி கீழ ரத்தக்குழாய்லயே ஆன்டிபயாடிக் ஏத்தி இருபது முப்பது நிமிஷம் அந்தக் கால்லயே நிறுத்தி வைக்கிறதும் உண்டு.

மயக்கம் தெளியறதுதான் எல்லாத்தையும் விட பயமான நேரம். எழுந்திருக்கும்போது தடுமாறி தைச்சதை அறுத்துக்கும், எலும்பை உடைச்சுக்கும், மயக்கம் கொடுக்கிற குதிரையில நூத்துல ஒண்ணு பக்கம் இந்த மாதிரி மயக்கத்தோட சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு காரணத்தால போகுது, மனுஷங்களோட ஒப்பிட்டா இது ரொம்ப அதிகம். மெத்தை போட்ட அறையில தலைக்கும் வாலுக்கும் கயிறு கட்டி மெதுவா எழுப்புறாங்க. அந்த அரை மணி நேரம் நீங்க வெளிய உட்காருங்க, உள்ள போய் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, உங்க குரல் கேட்டு சீக்கிரம் எழப் பார்க்கும்.

வீட்டுக்கு வந்தாச்சு. கட்டு மொத்தம் ஆறு வாரம் பக்கம், நடுவுல ஒண்ணு ரெண்டு தடவை மாத்துவாங்க. இந்த ஆறு வாரமும் தினமும் மூணு தடவை கட்டை உள்ளங்கையால தடவணும், ஒரே இடத்துல சூடா இருக்கா? முகரணும், வாடை வருதா? ஈ ஒரே இடத்துல மொய்க்குதா? இது எனக்கு டாக்டர் சொல்லிக் கொடுத்தது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாம இருக்கும்போதே ஈ கண்டுபிடிச்சிடும், உள்ள புண் ஆகியிருக்கும். காய்ச்சல் தினமும் பாருங்க, 99ல இருந்து 101 டிகிரி வரைக்கும் சரி. நேத்து வரைக்கும் ஊன்றின குதிரை இன்னைக்கு ஊன்றலைன்னா, கட்டைக் கடிச்சுதுன்னா, கட்டுக்கு மேல வீங்கினா, நாளைக்கு பார்க்கலாம்னு விடாதீங்க, உடனே போன்.

நல்ல காலை மறந்துடாதீங்க. ஒரு கால் தாங்காம இன்னொரு கால் மேலயே எடை போட்டுட்டு இருந்தா அந்தக் காலோட குளம்புக்குள்ள இருக்கிற பிடிப்பே விட்டுப் போகும், லேமினைட்டிஸ்னு சொல்வாங்க. அமெரிக்காவுல பார்பரோன்னு ஒரு குதிரை, 2006 கென்டக்கி டெர்பி ஜெயிச்சது, ரெண்டு வாரத்துல அடுத்த ரேஸ்ல வலது பின்னங்கால் நொறுங்கிடுச்சு. பென்சில்வேனியா நியூ போல்டன் சென்டர்ல டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் எலும்பைச் சேர்த்தார், அது டெண்டன் கேஸ் இல்லை, ஆனா பாடம் ஒண்ணுதான். உடைஞ்ச காலுக்கு அவ்வளவு வைத்தியம் நடந்துட்டு இருக்கும்போது ஜூலையில எதிர்க்கால்ல லேமினைட்டிஸ் வந்துடுச்சு, 2007 ஜனவரியில அனுப்ப வேண்டியதாப் போச்சு. அதனால நல்ல கால்லயும் பட்டை சுத்துங்க, டாக்டரைக் கேட்டு அடியில மெத்துன்னு தாங்கல் கொடுங்க, தரையில நெல் உமியோ மரத்தூளோ ஒரு முழ உயரத்துக்கு போடுங்க, படுக்க ஆசை வரணும் அதுக்கு. படுத்தா ரெண்டு காலுக்கும் ஓய்வு.

தீனியில கொள்ளை நிறுத்துங்க. சும்மா நிக்கிற குதிரைக்கு கொள்ளும் தானியமும் கொடுத்தா உடம்பு திமிரும், துள்ளும், குளம்புக்கும் கெடுதல். புல்லு, தண்ணி, கொஞ்சம் உப்பு போதும். சாணி எண்ணிக்கை பாருங்க, மயக்கம் கொடுத்த குதிரைக்கு வயித்துல கட்டிக்கும், ஒரு நாள் சாணி குறைஞ்சாலே டாக்டர்கிட்ட சொல்லுங்க. மல்லி பதினைஞ்சு நாள்ல சுவத்தை உதைக்க ஆரம்பிச்சா, அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டு வந்து உள்ள விட்டாங்க, அன்னையில இருந்து அமைதி, அது காலடியிலதான் தூங்கும், இவ ராத்திரி பூரா நகராம நிப்பா.

கட்டு எடுத்த அன்னைக்கு சந்தோஷத்துல அப்படியே விட்டுடாதீங்க. ஃபெட்லாக் இறங்கும், குளம்பு முனை தூக்கும், ஆறு வாரத்துல டெண்டன் சேர்ந்துச்சுன்னு பேரு, பலம் வந்திருக்காது. அதனால கட்டை ரெண்டா அறுத்து பின்னாடி முட்டு மாதிரி கொஞ்ச நாள் வச்சுக்கட்டி, கூடவே லாடம் அடிக்கிறவர்கிட்ட சொல்லி பின்பக்கம் நீண்டு குதிகாலைத் தூக்கிக் கொடுக்கிற லாடம் செய்யச் சொல்லணும். டாக்டரும் லாடக்காரரும் ஒரே நேரத்துல அங்க நிக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, நான் தனித்தனியா கேட்டு நடுவுல தூது போய் ஒரு வாரம் வீணாச்சு. அந்த உயரத்தை ஒரே அடியா எடுக்காம மாசக் கணக்குல படிப்படியா குறைக்கணும்.

நடை விஷயத்துல மல்லிக்கு கொடுத்த கணக்கு இது, உங்களுக்கு மாறும். மூணாவது மாசம் வரைக்கும் அறையை விட்டு வெளிய இல்லை. அப்புறம் கையில பிடிச்சு கெட்டியான சமதரையில ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம், வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டி, ஆறாவது மாசத்துல ஸ்கேன் பார்த்து நார் ஒழுங்கா ஓடுதுன்னு சொன்ன அப்புறம்தான் துள்ளு நடை, ஒன்பது மாசத்துக்கு மேல ஓட்டம் பத்தி யோசனை. தழும்பு முதல்ல கன்னாபின்னான்னு வளரும், இப்படி கொஞ்சம் கொஞ்சமா இழுப்பு கொடுக்கறப்போதான் நார் எல்லாம் நெடுகத் திரும்பி வரிசையாகும். நடையே இல்லாம விட்டாலும் கெடும், அவசரப்பட்டாலும் கெடும். மேய்ச்சல்ல அவுத்து விட்டா அதுவே பார்த்துக்கும்னு சொல்றவங்க பேச்சை மட்டும் கேட்காதீங்க, ஒரு நாய் குரைச்சா போச்சு.

தோல் கிழியாம உள்ளயே டெண்டன் நைஞ்சு பின்பக்கம் வில்லு மாதிரி வீங்கறது தனி கதை, ரேஸ்ல ஓடறதுக்கும் ரேக்ளா ஓடறதுக்கும் வர்றது பெரும்பாலும் இதுதான். முழு வேகத்துல ஓடும்போது மேல் டெண்டன் தன் நீளத்துல 16 சதவீதம் வரைக்கும் இழுபடும், நடுவுல 45 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும், அறுந்து போற எல்லைக்கு பக்கத்துலயே ஓடிட்டு இருக்கு. இதுக்கு உடனே ஆபரேஷன் கிடையாது. முதல் நாள்ல இருந்து ஐஸ் தண்ணி, பட்டை, ஓய்வு, ஒரு வாரம் கழிச்சு ஸ்கேன், முதல் நாளே எடுத்தா முழுசா தெரியாது. நடுவுல ரத்தம் கட்டி ஓட்டையா இருந்தா ஸ்கேன் பார்த்துட்டே கத்தி முனையால நெடுகக் கீறி வடிய விடுவாங்க. 1980கள்ல அமெரிக்க டாக்டர் லாரி பிராம்லேஜ் முட்டிக்கு மேல, மேல் டெண்டனை எலும்போட பிடிச்சிருக்கிற செக் லிகமெண்டை வெட்டி விடுற ஆபரேஷனைக் கொண்டு வந்தார், அதை வெட்டினா இழுப்பு மேல இருக்கிற சதைக்கும் பங்கு போகும். லண்டன் ராயல் வெட்டினரி காலேஜ்ல ரோஜர் ஸ்மித் குழு 2003ல குதிரையோட எலும்பு மஜ்ஜையில இருந்து ஸ்டெம் செல், அதாவது வேற வேற திசுவா வளரக் கூடிய செல், எடுத்து டெண்டன்லயே ஊசி போட்ட கேஸை வெளியிட்டாங்க. எது பண்ணினாலும் ஓய்வு ஒரு வருஷம் பக்கம், அதைக் குறைக்கிற மருந்து கிடையாது.

அப்புறம் கால்ல சூடு போடறது. எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து, "தம்பி, நாலு இழுப்பு இழுத்து விடு, நரம்பு கெட்டிப்பட்டுக்கும்"னார். என் அப்பா காலத்துல மாட்டுக்கும் குதிரைக்கும் எல்லாரும் பண்ணினதுதான், அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இங்கிலாந்துல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல இதையே ஆராய்ச்சி பண்ணி 1983ல வெளியிட்டாங்க, சூடு போட்டதால டெண்டன் நல்லா ஆறலை. சூடு போட்ட குதிரை சில சமயம் தேறின மாதிரி தெரிஞ்சதுக்கு காரணம், அதோட கொடுத்த மாசக் கணக்கு ஓய்வுதான். பெரியவர்கிட்ட அப்படியே சொன்னேன், "ஐயா, ஓய்வை மட்டும் எடுத்துக்கறேன், சூடு வேண்டாம்"னு. அவரும் அதுக்கப்புறம் வாரா வாரம் வந்து ஆட்டுக்குட்டிக்கு கீரை போட்டுட்டு போவார்.

மல்லி இப்போ பொண்ணை ஏத்திக்கிட்டு தோட்டத்தை சுத்தி நடப்பா, ஓட விடறதில்லை. கால் பின்பக்கத்துல கட்டை விரல் தடிமனுக்கு ஒரு முடிச்சு இருக்கு, அது போகாது. காலையில தீனி வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு முன்னங்காலையும் ஒரே நேரத்துல ரெண்டு உள்ளங்கையால பிடிச்சுப் பார்ப்பேன், ஒண்ணு இன்னொண்ணை விட சூடா இருந்தா அன்னைக்கு நடை கிடையாது, பைப்புல தண்ணி விட்டு இருபது நிமிஷம், சாயந்திரம் மறுபடி பார்த்து சூடு இறங்கலைன்னா டாக்டருக்கு போன்.